நாலு லேயர் பலகை: ரவுட்டிங் முடிந்தபின் ட்ரேஸ் ஆப்டிமைஸ் ஓட்டலாமா?

நெட்லிஸ்ட்

வணக்கம். நான் வரைவது ஒரு சர்க்யூட் பலகை (பிசிபி): 100 × 80 மிமீ, 1.6 மிமீ தடிமன், நாலு செம்பு லேயர். மேலே சிக்னல், இரண்டாவது முழு கிரவுண்ட், மூன்றாவது பவர், கீழே மறுபடி சிக்னல். மென்பொருள் கிகேட் 9.

பலகையில் இருப்பவை: 24 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் 3 ஆம்பியர் பக் கன்வெர்ட்டர், மின்னோட்டம் அளக்க 5 மில்லிஓம் ஷண்ட் ரெசிஸ்டர், அதற்கு ஓர் ஆம்ப்ளிஃபையர், எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர், அதோடு ஆர்எம்ஐஐ கோடுகள் வழியாக இணையும் ஈதர்நெட் ஃபை சிப், மின்தனிமைப்படுத்திய ஆர்எஸ்485 தொடர்பு ஒன்று. பெங்களூரு பீன்யாவில் ஓர் ஆலையில் ப்ரோட்டோ (மாதிரிப் பலகை) போடக் கொடுக்கிறோம். ஆலை சொன்ன கீழ் எல்லை: ட்ரேஸ் (செம்புக் கோடு) 0.15 மிமீ, இடைவெளி 0.15 மிமீ, துளை 0.3 மிமீ.

பாதிக்கு மேல் கையால் வரைந்தாயிற்று. மீதியை ஃப்ரீரவுட்டிங் என்ற தானியங்கி ரவுட்டரிடம் விட்டுவிட்டு, கடைசியில் மொத்தப் பலகையையும் ஆப்டிமைஸ் செய்வதாகத் திட்டம். அது எதை மாற்றும், எதைத் தொடாது? எந்த வரிசையில் செய்வது? ஆர்எம்ஐஐ கோடுகளுக்கு நீளம் சமன் செய்ய வேண்டுமா?

செம்புத்தாள்

முதலில் ஒன்று. பலகை முழுவதையும் ஒரே அழுத்தில் சீராக்கும் பட்டன் கிகேட்டில் கிடையாது. ஆப்டிமைஸ் என்ற ஒரே பெயரில் நாலு வேறு வேலைகள் நடக்கின்றன. எது எது என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

முதலாவது, வரையும்போதே நடப்பது. கிகேட்டின் தள்ளி வழிவிடும் ரவுட்டர், செர்னில் எழுதப்பட்டது, நீங்கள் ஒரு ட்ரேஸை இழுக்கும்போது தேவையற்ற மூலைகளை எடுத்துவிடும். அதன் அமைப்புகளில் இழுக்கும் ட்ரேஸ் முழுவதையும் சீராக்கு, பேடில் (பாகத்தின் கால் ஒட்டும் செம்புத் திட்டு) சேரும் இடத்தைச் சீராக்கு, மிகையான ட்ரேஸை நீக்கு என்று தனித்தனி டிக் உண்டு.

இரண்டாவது, வரைந்து முடித்ததைத் தேர்ந்தெடுத்துச் சீராக்குவது. ஆல்டியம் என்ற இன்னொரு மென்பொருளில் இதை கிளாஸ் (gloss) என்பார்கள். அங்கே ரீட்ரேஸ் என்று இன்னொன்றும் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கிளாஸ் அகலத்தை அப்படியே வைத்துப் பாதையை மட்டும் நேராக்கும். ரீட்ரேஸ் விதியில் இருக்கும் விருப்ப அகலத்துக்கும் ஜோடி இடைவெளிக்கும் மாற்றி வரையும். பழைய ஸ்பெக்ட்ரா ரவுட்டரிலோ ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டளை: மூலை குறைக்க கிரிட்டிக், பின்களுக்கு நடுவில் நிறுத்த சென்டர், நெருக்கம் தளர்த்த ஸ்ப்ரெட், மூலையைச் சாய்க்க மைட்டர். எது நடக்கிறது என்பது வரைபவருக்கு வெளிச்சமாகத் தெரியும். அந்தத் தெளிவு இன்றைய ஒற்றைப் பட்டன்களில் இல்லை என்பதுதான் என் குறை.

மூன்றாவது, ஃப்ரீரவுட்டிங் கடைசியில் செய்வது. ஒவ்வொரு இணைப்பாகப் பிய்த்து, மறுபடி வரைந்து பார்க்கும். வயா (லேயர்களை இணைக்கும் துளை) குறைந்தாலோ நீளம் குறைந்தாலோ புதியதை வைத்துக்கொள்ளும், இல்லையென்றால் பழையதே.

நாலாவது, கிகேட்டின் டிராக், வயா துப்புரவு. இது பாதையை மாற்றாது. ஒரே நேர்கோட்டில் இருக்கும் துண்டுகளை ஒன்றாக்கும், ஒன்றன்மேல் ஒன்று விழுந்த வயாவை எடுக்கும், பேடுக்குள்ளேயே முடியும் துண்டுகளை நீக்கும்.

முக்கியமானது இனிமேல்தான். இவை எல்லாம் கணக்கில் எடுப்பவை மூன்றே: நீளம், மூலை, வயா. நெட் (மின்னிணைப்பு) பெயர் ஒன்றாக இருந்தால் செம்பு எல்லாம் ஒன்று என்பதுதான் அவற்றின் உலகம். மின்னோட்டம் எந்த வழியாகத் திரும்பி வருகிறது, எந்தச் செம்பில் 3 ஆம்பியர் ஓடுகிறது, எதில் வெறும் அளவீடு மட்டும் நடக்கிறது என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. தெரியவேண்டிய ஒவ்வொன்றையும் நெட்டாகவோ, விதியாகவோ, தடைப்பகுதியாகவோ (ட்ரேஸ், செம்பு வரக் கூடாத இடம்), பூட்டாகவோ நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு ஓட்டினால் தயங்காமல் ஓட்டலாம். சொல்லாமல் ஓட்டினால் டிஆர்சி (வடிவமைப்பு விதிச் சோதனை) பூஜ்யப் பிழை காட்டும், பலகை மட்டும் வேலை செய்யாது.

அல்சூர்_அனலாக்

செம்புத்தாள் சார் சொன்னதுக்கு உங்க பலகையிலேயே ரெண்டு உதாரணம் இருக்கு, நெட்லிஸ்ட்.

முதல்ல ஷண்ட். 5 மில்லிஓம்ல 3 ஆம்பியர் ஓடினா 15 மில்லிவோல்ட். ஸ்கிமேட்டிக்ல ரெண்டு கால் ரெசிஸ்டரா போட்டிருந்தீங்கன்னா, பவர் செம்பும் ஆம்ப்ளிஃபையருக்குப் போற சென்ஸ் கோடும் ஒரே நெட். ஆப்டிமைசர் என்ன பண்ணும்? பேடின் உள்பக்கத்துல நீங்க பார்த்துப் பார்த்து எடுத்த சென்ஸ் கோட்டைப் பிடிச்சு, பக்கத்துல ஓடற அகலமான பவர் செம்புல எங்க கிட்டமோ அங்க ஒட்ட வெச்சிடும். நீளம் குறைஞ்சது, அதுக்கு அது வெற்றி.

நஷ்டம் எவ்வளவுன்னு கணக்குப் போடுங்க. 35 மைக்ரான் செம்புல ஒரு சதுரத்தோட தடை 0.49 மில்லிஓம். ட்ரேஸ் 2 மிமீ அகலம், ஒட்டின இடம் பேடிலிருந்து 2 மிமீ தள்ளின்னா சரியா ஒரு சதுரம். 5க்கு மேல 0.49, அதாவது கிட்டத்தட்ட பத்து சதவீதப் பிழை. காலிபரேட் பண்ணி எடுத்துடலாம்னு தோணும். முழுசா எடுக்க முடியாது. செம்போட தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். பலகை 40 டிகிரி சூடானா மொத்த அளவீடே ஒன்றரை சதவீதம் வரைக்கும் நகரும். நல்ல ஷண்ட் வாங்கின காசு அங்கேயே போச்சு.

தீர்வு ட்ரேஸ்ல இல்ல, ஸ்கிமேட்டிக்ல இருக்கு. கிகேட்ல நாலு கால் ஷண்ட் சிம்பல் இருக்கு, அதைப் போடுங்க. விஷே டபிள்யூஎஸ்கே2512 மாதிரி நிஜமாவே நாலு முனை இருக்கற ஷண்ட் கிடைச்சா அது ரொம்ப உத்தமம். எஸ்பி ரோட்டுல ரெண்டு முனை 2512தான் கிடைச்சுதுன்னா நெட்-டை (net tie, ரெண்டு நெட்டை ஒரே இடத்துல கட்டற பொருள்) போடுங்க. பவர் ஒரு நெட், சென்ஸ் ஒரு நெட், ரெண்டும் சேர்ற இடம் பேடின் உள் ஓரத்துல ஒரே ஒரு புள்ளி. நெட் பெயர் வேறன்னா எந்த ரவுட்டரும் ரெண்டையும் கலக்காது. பூட்டு மறந்தாக்கூட இது காப்பாத்தும்.

ரெண்டாவது, பக் கன்வெர்ட்டரோட ஃபீட்பேக். 5 வோல்ட்டை வெளியீட்டு கெப்பாசிட்டர்லேர்ந்து எடுக்கணும். ஆனா இண்டக்டரோட அந்த முனையும் அதே நெட்தான். ரவுட்டருக்கு இண்டக்டர் முனைதான் கிட்ட இருக்கும், அங்கேர்ந்து எடுத்துடும். இன்னும் மோசம், இண்டக்டருக்கு அடியிலேயே, ஸ்விட்ச் நோடை (ஐசியும் இண்டக்டரும் சேர்ற இடம்) உரசிக்கிட்டே குறுக்கு வழி போகும். அங்கே ரிப்பிள் அளந்து பார்த்துட்டு கெப்பாசிட்டரைக் குறை சொல்றவங்க ஏராளம்.

இதுக்கும் வழி இருக்கு. வோல்ட்டேஜைப் பிரிக்கற டிவைடரோட ரெண்டு ரெசிஸ்டரையும் ஐசியோட ஃபீட்பேக் காலுக்கு ஒட்டி வையுங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற நோடுதான் இரைச்சலைச் சட்டுனு வாங்கிக்கும், அது சில மில்லிமீட்டர் தாண்டக் கூடாது. வெளியீட்டுலேர்ந்து டிவைடருக்கு வர்ற கோடு நீளமா இருந்தா பரவாயில்லை. அதுக்கும் ஒரு நெட்-டை போட்டு, கெப்பாசிட்டர் பேட்ல கட்டுங்க. இண்டக்டர், ஸ்விட்ச் நோடுக்கு அடியில மேல், கீழ் ரெண்டு சிக்னல் லேயருக்கும் தடைப்பகுதி வரைஞ்சிடுங்க.

தடவழி

எல்லாவற்றையும் பூட்டிவிட்டால் ஆப்டிமைசருக்கு என்ன மிச்சம்? கையால் வரைந்தது எல்லாம் நல்லது, கருவி செய்தது எல்லாம் சந்தேகம் என்ற எண்ணம் நம் ஆட்களிடம் கொஞ்சம் அதிகம். இதே பலகையில் எல்இடி, பட்டன், ரீசெட், பூட், எஸ்பிஐ, ஐ2சி, கனெக்டருக்குப் போகும் ஜிபிஐஓ என்று எண்ணினால் நெட்களில் பெரும்பங்கு இவைதான். இவற்றில் கையால் மூலை மூலையாக நேராக்குவது வீண் உழைப்பு. வயா குறைப்பதில் கருவி மனிதரைவிடப் பொறுமையானது.

வயா குறைவது அழகுக்காக அல்ல. உங்கள் அடுக்கில் மேலிருந்து கீழே போகும் ஒவ்வொரு சிக்னலும் தன் துணைத்தளத்தை (திரும்பும் மின்னோட்டம் ஓடும் பிளேன்) இரண்டாவது லேயரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றுகிறது. திரும்பி வரும் மின்னோட்டம் கிரவுண்டிலிருந்து பவருக்குத் தாவ வேண்டும். பக்கத்தில் கெப்பாசிட்டர் இல்லையென்றால் சுற்றி வரும். ஒரு வயா குறைந்தால் அந்தத் தாவல் ஒன்று குறைகிறது.

ஆர்எம்ஐஐ பற்றி: கடிகாரம் 50 மெகாஹெர்ட்ஸ், ஒரு சுற்று 20 நானோசெகண்ட். கடிகார விளிம்புக்கு முன்னும் பின்னும் தரவு மாறாமல் நிற்க விதிமுறை கேட்பது செட்டப் 4, ஹோல்டு 2 நானோசெகண்ட். வெளி லேயரில் எஃப்ஆர்4 மேல் சிக்னல் மில்லிமீட்டருக்குச் சுமார் 6 பிக்கோசெகண்ட் எடுக்கும். இரண்டு கோட்டுக்கு நடுவே 30 மிமீ வித்தியாசம் இருந்தாலும் 180 பிக்கோசெகண்ட்தான். நீளம் சமன் செய்யவே வேண்டாம். பாம்பு வளைவு போட்டால் பக்கத்துக் கோட்டோடு பிணைப்புதான் கூடும்.

நெட்லிஸ்ட்

ரொம்ப நன்றி. நாலு கால் ஷண்டுக்கு மாற்றிக்கொள்கிறேன், அக்கா. பவர் லேயரில் 24, 5, 3.3 என்று மூன்று துண்டு இருக்கிறது. தடவழி சார் சொன்ன தாவல் அங்கே இன்னும் மோசமாகுமா? அந்தப் பிளவைத் தாண்டி ட்ரேஸ் போகக் கூடாது என்று ஆப்டிமைசருக்கு எப்படிச் சொல்வது?

செம்புத்தாள்

மோசமாகும். சில நூறு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் திரும்பும் மின்னோட்டம் ட்ரேஸுக்கு நேர் கீழேயே ஓடப் பார்க்கும். கீழ் லேயர் ட்ரேஸ் ஒன்று 5க்கும் 3.3க்கும் இடையிலான பிளவைக் கடந்தால், அந்த ஓட்டம் பிளவைச் சுற்றி வர வேண்டும். அந்த வளையம் ஆன்டெனாவாகிவிடும். வழக்கமான டிஆர்சி இதைக் கண்டுகொள்வதில்லை. ஆப்டிமைசரும் கண்டுகொள்ளாது. கீழ் லேயரில் அதற்குத் தெரிவது வெறும் காலியிடம்.

நேர்வழி என்னவென்றால், மூன்றாவது லேயரையும் கிரவுண்ட் ஆக்கிவிட்டு, 5க்கும் 3.3க்கும் மேல், கீழ் லேயர்களில் செம்புப் பரப்பு கொடுப்பது. இந்த அளவுப் பலகைக்கு அது போதும். அப்போது வயா பக்கத்தில் ஒரு கிரவுண்ட் வயா வைத்தாலே தாவல் தீர்ந்தது. பவர் லேயர் வேண்டியதுதான் என்றால், கீழ் லேயரில் பிளவின் மேல் 1 மிமீ அகலத்துக்கு ட்ரேஸ் தடைப்பகுதி ஒன்றை ஓட்டிவிடுங்கள். மெதுவான கோடுகள் சில கடந்தே ஆக வேண்டும் என்றால் அவற்றுக்கு ஓரிடத்தில் மட்டும் வழி விட்டு, பிளவின் இரு பக்கத்துக்கும் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று கட்டுங்கள்.

தடவழி சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. பூட்ட வேண்டியது சிறு பங்குதான். உங்கள் பலகையில் என் பட்டியல்: பக்கின் உள்ளீட்டு கெப்பாசிட்டர் வளையம், ஸ்விட்ச் நோடு, ஃபீட்பேக், ஷண்ட் சென்ஸ், கிரிஸ்டல், ஈதர்நெட் ஜோடிகள், ஐசிகளின் டீகப்ளிங் (பவர் காலுக்கு அருகில் வைக்கும் கெப்பாசிட்டர்). டீகப்ளிங்கைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். வயா, கெப்பாசிட்டர், கால் என்ற வரிசையில் வரைந்திருப்பீர்கள். காலுக்கு அருகில் அதே நெட்டின் வயா இன்னொன்று இருந்தால் ரவுட்டர் நேராக அங்கே கட்டிவிட்டு, கெப்பாசிட்டரை ஒரு வாலின் நுனியில் தொங்கவிடும். 1.6 மிமீ பலகையில் 0.3 மிமீ வயா ஒன்றின் இண்டக்டன்ஸே சுமார் 1.3 நானோஹென்றி. அதோடு வாலும் சேர்ந்தால் அந்த கெப்பாசிட்டர் இருந்தும் பயன் குறைவு.

தடவழி

ஒரு சேர்க்கை. வேண்டுமென்றே இரண்டு ட்ரேஸ் இணையாகப் போட்டு மின்னோட்டத்தைப் பகிர்ந்திருந்தால் கிகேட்டின் மிகை நீக்கம் ஒன்றை அழித்துவிடும். அதற்கு அது ஒரு சுற்று, அவ்வளவுதான். ஆம்பியர் ஓடும் இடத்தில் ட்ரேஸே போடாதீர்கள். செம்புப் பரப்பாக வரையுங்கள். ஐபிசி-2221 என்ற பலகை வடிவமைப்புத் தரத்தின் வாய்ப்பாட்டின்படி வெளி லேயர், 35 மைக்ரான், 10 டிகிரி ஏற்றம் என்றால் 1 ஆம்பியருக்கு 0.3 மிமீ, 3 ஆம்பியருக்கு 1.37 மிமீ. மும்மடங்கு ஓட்டத்துக்கு நாலரை மடங்கு அகலம் என்பதைக் கவனியுங்கள். பரப்பாக வரைந்ததை எந்தச் சீராக்கலும் குறுக்காது.

ஜெர்பர்கண்

ஆலைப் பக்கத்திலிருந்து பார்ப்பதைச் சொல்கிறேன். தானியங்கி ரவுட்டர் வழியாக வந்த ஜெர்பரை (ஆலைக்குக் கொடுக்கும் லேயர் கோப்பு) கேம் மேசையில் (உற்பத்திக்குக் கோப்பைத் தயார் செய்யும் இடம்) திறந்த உடனே அடையாளம் தெரியும். பலகையில் பாதி இடம் காலியாகக் கிடக்கும். எட்டு ட்ரேஸ் மட்டும் ஒன்றோடொன்று சரியாக 0.15 மிமீ இடைவெளியில் ஒட்டிக்கொண்டு ஓடும். எல்லை 0.15 என்று கொடுத்தால் அது 0.15தான் வைக்கும், தாராளம் என்பது அதன் கணக்கில் இல்லை.

அது எங்களுக்கு எட்சிங் அபாயம், உங்களுக்கு கிராஸ்டாக் (பக்கத்துக் கோட்டின் சிக்னல் கலப்பது). தளம் 0.2 மிமீ கீழே, ட்ரேஸ் 0.2 மிமீ, இடைவெளி 0.15 என்றால் மையத்துக்கு மையம் 0.35. மையத் தொலைவைத் தள உயரத்தால் வகுத்து, வர்க்கம் எடுத்து, ஒன்று கூட்டித் தலைகீழாக்கும் தோராய வாய்ப்பாட்டில் இது கால் பங்குக்கு வரும். அதையே 0.6 ஆக்கினால் பத்தில் ஒன்று. மும்மடங்கு அகல விதி என்பது இதுதான்.

ஆகவே ஆலையின் கீழ் எல்லையை நெட் கிளாஸில் (ஒரே விதி பொருந்தும் நெட் தொகுதி) எழுதாதீர்கள். அதைப் பலகை அமைப்பின் குறைந்தபட்சத்தில் மட்டும் வையுங்கள். பொது நெட் கிளாஸுக்கு ட்ரேஸ் 0.2, இடைவெளி 0.25, வயா 0.3 துளைக்கு 0.6 பேட், அப்போது வளையம் 0.15 கிடைக்கும். ரவுட்டர் 0.25ல் முடிக்க முடியாமல் திணறும் இடங்களைக் கையால் தளர்த்துங்கள். பெரும்பாலும் அது ஐசி கால்களுக்கு நடுவில் ஓரிரு மில்லிமீட்டர்தான்.

மூலை பற்றிய பயத்தையும் விட்டுவிடலாம். 0.35 மிமீ ட்ரேஸில் 90 டிகிரி மூலை சேர்க்கும் கெப்பாசிட்டன்ஸ் 0.04 பிக்கோஃபாரட் அளவு. 50 ஓம் கோட்டில் அதன் தாமதம் ஒரு பிக்கோசெகண்டுக்கும் கீழ். இந்தப் பலகையின் விளிம்புகள் நானோசெகண்ட் கணக்கில் ஏறுபவை. அமிலம் தேங்கும் என்ற பேச்சும் இன்றைய எட்சிங் முறையில் பொருட்டே இல்லை. 45 டிகிரி இடத்தை மிச்சம் பிடிக்கிறது, அதனால் போடுங்கள். மூலை எண்ணிக்கை குறைந்ததா என்பதை வெற்றிக்கு அளவாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

அல்சூர்_அனலாக்

ஜெர்பர்கண் சொன்ன காலியிட விஷயத்துல இன்னொரு பொறி இருக்கு. ஈதர்நெட் மேக்னெட்டிக்ஸ் (சிக்னல் டிரான்ஸ்ஃபார்மர்) அடியில எல்லா லேயர்லயும் செம்பு எடுத்திருப்பீங்க இல்லையா? பலகையிலேயே ரவுட்டருக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான். சுத்தமா காலி, எந்தத் தடையும் இல்ல. கிகேட்ல தடைப்பகுதிக்கு ட்ரேஸ், வயா, பேட், செம்பு நிரப்பல், ஃபுட்பிரின்ட்னு தனித்தனி டிக் இருக்கு. நிறையப் பேர் நிரப்பலை மட்டும் டிக் பண்ணிட்டு விட்டுடுவாங்க. செம்பு போகும், ஆனா ரீசெட் கோடும் எல்இடி கோடும் நடுவுல ஓடும். ட்ரேஸ், வயா ரெண்டையும் சேர்த்து டிக் பண்ணுங்க.

ஆர்எஸ்485 தனிமைக் கோட்டுக்கும் இதேதான். நீங்க தனிப்பயன் டிஆர்சி விதியில ரெண்டு பக்கத்துக்கும் பெரிய இடைவெளி எழுதியிருப்பீங்க. கிகேட்டுக்குள்ள அது செல்லும். வெளி ரவுட்டருக்கு ஏற்றுமதி ஆகற கோப்புல நெட் கிளாஸ் இடைவெளிதான் போகும், தனிப்பயன் விதி போகாது. தடைப்பகுதி போகும். அதனால ஐசோலேட்டர் அடியில முழு அகலத்துக்கும், நாலு லேயருக்கும், ஒரு பட்டை வரைஞ்சிடுங்க.

நெட்லிஸ்ட்

வரிசையை யாராவது ஒரே இடத்தில் சொன்னால் உதவியாக இருக்கும். துப்புரவு முதலிலா கடைசியிலா என்பதிலேயே குழப்பம்.

செம்புத்தாள்

இப்படிப் போங்கள்.

திட்டக் கோப்புறையை நகல் எடுத்துக்கொண்டு, நகலில் வேலை செய்யுங்கள். தடைப்பகுதிகள் எல்லாம் முதலில். அடுத்து, மேலே சொன்ன பட்டியலைக் கையால் வரைந்து முடியுங்கள். ஒரு ட்ரேஸைத் தொட்டு யூ விசையை அழுத்தினால் அந்த இணைப்பு முழுவதும் தேர்வாகும். பிறகு எல் விசையில் பூட்டு. வயாக்களும் பூட்டப்பட்டனவா என்று பாருங்கள். ட்ரேஸைப் பூட்டி வயாவை விட்டுவிட்டால் பாதிப் பாதுகாப்புதான்.

பலகை அமைப்பில் லேயர் வகையைக் கவனியுங்கள். இரண்டாவது, மூன்றாவது லேயர்களைப் பவர் பிளேன் என்று குறிக்க வேண்டும். கிகேட்டுக்குள் அது எதையும் மாற்றாது. வெளி ரவுட்டருக்குச் சொல்வதற்காகவே இருக்கும் அமைப்பு. சிக்னல் என்றே விட்டால் உங்கள் கிரவுண்ட் பிளேனின் நடுவில் ட்ரேஸ் ஓடி, பிளேன் கிழிந்து வரும்.

ஸ்பெக்ட்ரா டிஎஸ்என் (ரவுட்டருக்குப் போகும் கோப்பு) ஏற்றுமதி, ஃப்ரீரவுட்டிங்கில் ஓட்டம், எஸ்இஎஸ் (திரும்பி வரும் கோப்பு) இறக்குமதி. இறக்கும்போது பூட்டாத பழைய ட்ரேஸ்கள் எல்லாம் அழிந்து, புதியவை வரும். பூட்டியவை அப்படியே நிற்கும். கையால் வரைந்தது காணாமல் போயிற்று என்று வரும் கேள்விகளில் பாதி இதனால்தான்.

எவ்வளவு நேரம் ஆப்டிமைஸ் ஓட விடுவது என்றால், முதல் சில சுற்றுகளில் வயா எண்ணிக்கை சட்டென்று இறங்கும். அது நின்று, நீளம் மட்டும் துளித்துளியாகக் குறைய ஆரம்பித்தால் நிறுத்திவிடலாம். அதற்கு மேல் மணிக்கணக்கில் ஓடவிட்டால் ட்ரேஸ்கள் இன்னும் நெருக்கமாகத்தான் ஒட்டும்.

திரும்பி வந்ததும் பி (B) விசையால் எல்லாச் செம்புப் பரப்பையும் நிரப்புங்கள். அதன் பிறகுதான் துப்புரவு. பிளேன் நிரம்பாத நிலையில் ஒரே லேயரில் மட்டும் இணைந்த வயாக்களை நீக்கு என்பதை டிக் செய்தால், கிரவுண்ட் தையல் வயாக்கள் (கிரவுண்ட் செம்பை லேயருக்கு லேயர் இணைப்பவை) எல்லாம் எங்கும் இணையாதவைபோலத் தெரிந்து பறிபோகும். ஐசியின் அடிப் பேடில் வெப்பத்துக்காக வைத்தவையும் சேர்ந்து போகும். ஒரு முனை தொங்கும் ட்ரேஸ்களை நீக்கு என்பதும் அப்படியே. கார்டு கோடு, சோதனை வால் எதையாவது வேண்டுமென்றே விட்டிருந்தால் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். துப்புரவுச் சாளரம் என்னென்ன மாறும் என்று முன்கூட்டியே பட்டியல் காட்டும். அதை வரி வரியாகப் படிக்காமல் சரி கொடுக்காதீர்கள்.

பிறகு டி (D) விசையால் இழுத்து, நெருக்கமான கொத்துகளைக் கையால் விரியுங்கள். நீளச் சமன் வேண்டிய பலகை என்றால் அது இந்த இடத்தில், எல்லாச் சீராக்கலும் முடிந்த பிறகு. வளைவு என்பதே மிகை நீளம். சீராக்கும் கருவி அதைத்தான் தேடி நேராக்கும். கிகேட் 8 முதல் வளைவுத் தொகுதி ஒரே பொருளாக இருக்கிறது, மறுபடி திறந்து திருத்தலாம். அதற்கு முந்தைய பதிப்பில் வரைந்த வளைவுகள் வெறும் துண்டுகள்தான், அவற்றுக்குக் கூடுதல் கவனம் தேவை. டியர்டிராப் (ட்ரேஸ் பேடில் சேருமிடத்தில் துளி வடிவ விரிவு) கடைசி. அதன்பின் மறு நிரப்பல், டிஆர்சி, ஸ்கிமேட்டிக்கோடு ஒப்பீடு.

தடவழி

டிஆர்சிக்குப் பிறகு இன்னும் ஒன்று செய்யுங்கள். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஜெர்பர் எடுத்து, இரண்டையும் கிகேட்டின் ஜெர்பர் பார்க்கும் கருவியான ஜெர்ப்வியூவில் வித்தியாசம் காட்டும் முறையில் அடுக்கிப் பாருங்கள். பூட்டியதாக நினைத்த ஏதாவது நகர்ந்திருந்தால் உடனே கண்ணில் படும். பதிப்பு 8 முதல் கட்டளை வரியிலேயே டிஆர்சி ஓட்டலாம். திட்டத்தை கிட் (git) என்ற பதிப்புக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக ஓடும்படி செய்துவிடுங்கள்.

ரவுட்டர் முடிக்க முடியாமல் நாலைந்து இணைப்பு விட்டுவிட்டால், மறுபடி மறுபடி ஓட்டாதீர்கள். 1961ல் லீ எழுதிய அலை முறை முதலே இது தெரிந்த விஷயம்: ஒரு இணைப்புக்குக் குறுகிய பாதையைக் கண்டுபிடிப்பது உறுதி, ஆனால் எந்த இணைப்பை முதலில் வரைவது என்பதில் எல்லாம் மாறும். பிய்த்து வரைவது அந்த வரிசையைக் கலைத்துப் பார்ப்பதுதான். நாலைந்து மிச்சம் என்றால் பொருள் வைத்த இடத்தில் கோளாறு. எஸ்டிஎம்32 கால்களில் மாற்றிக்கொள்ளக் கூடியவை நிறைய. ஜிபிஐஓக்களை ஸ்கிமேட்டிக்கில் இடம் மாற்றினால் ரேட்ஸ்நெஸ்ட் (இன்னும் வரையாத இணைப்புகளின் கோடுகள்) குறுக்கீடு கண்ணெதிரே குறையும். அல்லது ஐசியை 90 டிகிரி திருப்பிப் பாருங்கள். ஆப்டிமைசர் ஒரு பொருளைக்கூட நகர்த்தாது. அது கையில் கிடைத்த இடத்துக்குள்தான் தேடும்.

நெட்லிஸ்ட்

ஈதர்நெட் ஜோடிகளை ஃப்ரீரவுட்டிங் ஜோடியாகவே வரையுமா, இல்லை அவையும் பூட்டுப் பட்டியலா? ஆலையிடம் இம்பிடன்ஸ் பற்றி என்ன கேட்பது?

ஜெர்பர்கண்

பூட்டுப் பட்டியல்தான். வெளி ரவுட்டர் இரண்டையும் தனித்தனி நெட்டாகவே பார்க்கும்; ஒன்று ஐசிக்கு இடப்பக்கம், மற்றது வலப்பக்கம் சுற்றி வந்தாலும் அதற்குச் சம்மதம். கிகேட்டில் நெட் பெயரின் முடிவில் பிளஸ், மைனஸ் அல்லது பி (P), என் (N) இருந்தால் ஜோடி என்று புரிந்துகொள்ளும். 6 விசையில் சேர்த்து வரையலாம். ஜோடிக்குள் ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் 100 மெகாபிட்டுக்கு ஒன்றுமில்லை, ஒரு குறியீட்டின் நேரமே 8 நானோசெகண்ட். சமச்சீர் முக்கியம்: ஒன்றில் வயா இருந்தால் மற்றதிலும் அதே இடத்தில்.

ஆலையிடம் கேட்க வேண்டியது: மேல் லேயருக்கும் இரண்டாவதுக்கும் நடுவிலுள்ள ப்ரீப்ரெக்கின் (லேயர்களை ஒட்டும் காப்புத் தாள்) அழுத்திய பிறகான தடிமன், அதன் மின்கடத்தா மாறிலி, முலாம் பூசிய பிறகு வெளிச் செம்பின் தடிமன். ப்ரீப்ரெக் 0.2 மிமீ என்றால் 50 ஓம் ஒற்றைக் கோடு சுமார் 0.35 மிமீ வரும். 100 ஓம் ஜோடியின் அகலத்தையும் இடைவெளியையும் அந்த எண்களை வைத்து கிகேட் கால்குலேட்டரில் போட்டு எடுங்கள். அந்த இரண்டு எண்ணையும் ஈதர்நெட் நெட் கிளாஸில் எழுதிய பிறகுதான் ஜோடிகளை வரையத் தொடங்க வேண்டும். பின்னால் அகலம் மாற்றினால் பூட்டைத் திறக்க வேண்டிவரும், பக்கத்தில் உள்ளவை எல்லாம் நகரும்.

அல்சூர்_அனலாக்

கால்குலேட்டர்ல போடும்போது சோல்டர் மாஸ்க்கையும் மறந்துடாதீங்க, அது ரெண்டு மூணு ஓம் இறக்கும். ஆலையே இம்பிடன்ஸ் கட்டுப்பாடு பண்ணித் தர்றாங்கன்னா, ஃபேப் குறிப்புல எந்த லேயர், எந்த அகலம், எத்தனை ஓம், பிளஸ் மைனஸ் பத்து சதவீதம்னு எழுதிக் குடுங்க. அகலத்தை அவங்க கொஞ்சம் மாத்திக்குவாங்க. அந்த அகலத்துல வேற எந்த ட்ரேஸும் பலகையில இருக்கக் கூடாது, இல்லாட்டி கேம்ல எதை மாத்தணும்னு தெரியாம எல்லாத்தையும் மாத்திடுவாங்க. ஜோடிக்கு 0.21னு வெச்சு, மத்ததெல்லாம் 0.2லயே விட்டா ரெண்டும் தனித்தனியாத் தெரியும்.